சிங்கப்பூரில் வசந்தம் எப்போது வரும்? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம் ஓட்டியவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான். "இங்கே சீசனே கிடையாதுங்க, வருஷம் பூரா அதே புழுக்கம், அதே மழை." பாதி சரி. பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே உட்கார்ந்துகொண்டு பனிக்காலத்தையும் இலையுதிர் காலத்தையும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மரங்களுக்கும் பூச்சிகளுக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அது மாதக் கணக்கு இல்லை, வறட்சிக்கும் அதன்பின் வரும் மழைக்கும் இடையிலான நாள் கணக்கு. மல்லிகைத் தோட்டம் வைத்திருந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இது உடனே புரியும்: தண்ணீரை நிறுத்திச் செடியை வாடவிட்டு, கவாத்து செய்து, மறுபடி தண்ணீர் காட்டினால் மொட்டு தள்ளும் இல்லையா, இங்கே அந்த வேலையை வானம் செய்கிறது.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொள்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். பைனாகுலர் வேண்டாம், தாவரவியல் படித்திருக்க வேண்டாம். கீழே இறங்கி பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறவராக இருந்தால் போதும்.

படி 1: மழை நாளைக் குறித்து வையுங்கள்

முதலில் வானிலையின் போக்கு. டிசம்பர் முதல் மார்ச் முற்பாதி வரை வடகிழக்குப் பருவக்காற்று. இதில் ஜனவரி வரை நனைந்த பாதி, பிப்ரவரிக்கு மேல் காய்ந்த பாதி. மார்ச் கடைசியிலிருந்து மே வரை இடைப்பருவம்: காலையில் வறுத்தெடுக்கும், மத்தியானத்துக்கு மேல் இடியோடு கொட்டும். சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்ச வெப்பமான 37 டிகிரியும் இந்த நேரத்தில்தான் வந்தது, 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒரு முறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் இன்னொரு முறை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்புறம் அக்டோபர், நவம்பரில் மறுபடி ஓர் இடைப்பருவம்.

நம் ஆட்களுக்கு இதைத் திருவிழா வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம். தைப்பூசம் முடிந்த கையோடு காற்று காய ஆரம்பிக்கும், திடலில் புல் பழுப்பாகும். ஈசூன் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் கோயிலில் பங்குனி உத்திரக் காவடி எடுக்கும் வாக்கில் மரங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கும். சித்திரைப் பிறப்புக்கு வேப்பம்பூ வாங்க லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குப் போகிறீர்களே, அந்த வாரங்களில் பஸ் ஜன்னல் பக்கம் உட்காருங்கள். தீமிதி, தீபாவளி சமயத்தில் இதே நாடகம் கொஞ்சம் சின்ன அளவில் இன்னொரு தடவை நடக்கும்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பிப்ரவரியிலிருந்து உங்கள் பேட்டையில் மழை பெய்த நாளை மட்டும் போனில் குறித்து வையுங்கள். உங்கள் பேட்டை என்பது முக்கியம், ஏனென்றால் மேற்கே ஜூரோங்கில் வெள்ளம் ஓடும்போது கிழக்கே பிடோக்கில் துணி காய்ந்துகொண்டிருக்கும், அந்த அளவுக்குச் சின்ன சின்ன மேகங்களாகத்தான் இங்கே கொட்டும். தொடர்ந்து 15 நாளாவது ஒவ்வொரு நாளும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பெய்தால் அதை வறட்சி என்று வானிலைக்காரர்கள் கணக்கில் சேர்ப்பார்கள். 2014 ஜனவரி நடுவில் தொடங்கி 27 நாள் அப்படிப் போனது. அந்த வருஷம் மழை திரும்பியதும் தீவு முழுக்க மரங்கள் பூத்த பூப்பைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு பூக்கும், இதுதான் பொது விதி. காயாத வருஷத்தில் ஏமாற்றம்தான், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

படி 2: உங்கள் புளோக்கைச் சுற்றி நிற்கும் மரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா மரமும் வேண்டாம். நாலைந்து போதும், அவை எல்லாப் பேட்டையிலும் இருக்கின்றன.

டிரம்பெட் மரம். சமூக ஊடகத்தில் "சிங்கப்பூர் சக்கூரா" என்று வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் படம் வருமே, அது இதுதான். சக்கூரா என்ற ஜப்பானியச் செர்ரிப் பூவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இது மத்திய, தென் அமெரிக்க மரம். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கும், அங்கேயும் சாலையோரம் நிறைய உண்டு. மார்ச் கடைசி முதல் மே வரை ஒரு தடவை, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் இன்னொரு தடவை. ஒவ்வொரு மரமும் சில நாள்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் "சனிக்கிழமை போய்க்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள், புதன்கிழமை பார்த்தால் புதன்கிழமையே படம் எடுங்கள். வெள்ளிக்கிழமை ஒரு நல்ல மழை அடித்தால் பூ முழுக்கத் தரையில் கிடக்கும். குழல் வடிவம் கெடாமல் முழுசாக உதிரும் என்பதால் அதுவும் பார்க்க நன்றாகவே இருக்கும். இதற்காக ஜப்பான் டிக்கெட் விலை பார்க்கிறவர்கள் முதலில் ஒரு தடவை எதிர்ப் புளோக்கைப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

மெம்பாட். இது இந்த மண்ணின் மரம். இலையை உதிர்த்துவிட்டு, செம்பு நிறத் துளிரோடு சேர்ந்து வெளிர் இளஞ்சிவப்பில் பொடிப் பூவாகக் கிளை முழுக்க அப்பிக்கொள்ளும். என்னைக் கேட்டால் சக்கூராவுக்குக் கொஞ்சமாவது கிட்டே வருவது இதுதான், டிரம்பெட் இல்லை. 1963 ஜூன் 16 அன்று அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மரக்கன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அன்றைக்கு நட்டது மெம்பாட் கன்றுதான். நீங்கள் இன்றைக்கு நடந்துபோகும் நிழல் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து வந்தது.

மஞ்சளாகப் பூப்பவற்றில் இரண்டு பேர் குழப்புவார்கள். பூங்கொத்து விறைப்பாக மேல் நோக்கி நின்று, மொட்டு துருப்பிடித்த நிறத்தில் இருந்து, காய் தட்டையாகச் செம்பு நிறத்தில் தொங்கினால் அது பெருங்கொன்றை, ஊரில் சில பக்கம் இயல்வாகை என்பார்கள். கிளைகள் தழைந்து தொங்கி, காய் வட்டத் தகடு மாதிரி ஓரத்தில் இறக்கையோடு இருந்தால் அது அங்சானா. அங்சானாவைப் பற்றி அடுத்த படியில் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரக்கொன்றையும் உண்டு, நல்ல வறட்சிக்குப் பிறகு சரம் சரமாக இறங்கும். ஊரில் மே மாதம் தீப்பிடித்த மாதிரி நிற்கும் மயில்கொன்றையை மட்டும் இங்கே அப்படி எதிர்பார்க்காதீர்கள், அதற்கு நீண்ட கோடை வேண்டும், இந்த ஈரத்தில் அரைமனதாகத்தான் பூக்கும்.

பூவே இல்லாமல் பருவம் காட்டும் மரம் ஒன்று: பாதாம் மரம் என்று நாம் சொல்லும் நாட்டு வாதுமை. ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி, பாசிர் ரிஸ் கடற்கரைகளில் நிறைய இருக்கிறது. வருஷத்தில் இரண்டு தடவை இலை முழுக்கச் சிவந்து கொட்டும், சில நாளிலேயே மறுபடி பச்சை விடும். இலையுதிர் காலமும் வசந்தமும் ஒரே மாதத்தில் பார்த்தாயிற்று, செலவு பஸ் காசு.

படி 3: ஒரே நாள் பூப்பவற்றைத் தவறவிடாதீர்கள்

இந்தப் படிதான் எனக்கு மிகவும் பிடித்தது, இதற்குத்தான் மழை நாளைக் குறிக்கச் சொன்னேன்.

அங்சானா நம் மேற்குத் தொடர்ச்சி மலை வேங்கையின் சொந்தக்காரன், ஒரே குடும்பம். வேங்கைப் பூ கொட்டிக் கிடக்கும் கரும்பாறையைப் புலிக்குட்டி என்று காட்டும் சங்கப் பாட்டு பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இங்கே பாறைக்குப் பதில் கார் நிறுத்துமிடம். 1960களின் கடைசியிலும் 70களிலும் வேகமாக நிழல் வேண்டும் என்று பெரிய பெரிய போத்தாகவே வெட்டி நட்டார்கள், வெட்டி நட்டாலே வேர் விடும் மரம் இது. அதனால்தான் பழைய பேட்டைகளில் இவ்வளவு அங்சானா.

இதன் குணம் விசித்திரமானது. மொட்டுகள் தயாரான பின்னும் திறக்காமல் அடக்கிவைத்திருக்கும். வெயிலுக்கு நடுவே ஒரு நல்ல மழை வந்ததும், சில நாளில் ஒரே விடியலில் எல்லாம் சேர்ந்து திறக்கும். அன்றைக்கு முழுக்க மரம் மஞ்சள், தேனீ இரைச்சல், தெரு முழுக்க இனிப்பு வாசனை. மறுநாள் காலையில் எல்லாம் தரையில். இரண்டாம் நாள் என்ற ஒன்று கிடையாது, ஆனால் சில வாரத்தில் மிச்ச மொட்டுகள் இன்னொரு முறை இதேபோல் திறக்கலாம். நீங்கள் மஞ்சள் கம்பளத்தைப் படம் எடுக்க வேண்டும் என்றால் துப்புரவு வண்டி வருவதற்கு முன்னால், ஏழு மணிக்குள் கீழே இருக்க வேண்டும். எங்கள் புளோக்கைக் கூட்டும் தம்பி சிவகங்கைப் பக்கத்துக்காரர். அழகு என்று நான் வாயைப் பிளந்து நின்றால் அவர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்குப் பூவுண்ணே, எனக்கு மூட்டைண்ணே" என்பார். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட அங்சானாப் பூவைக் கூட்டுவது லேசான காரியம் இல்லை, துடைப்பத்துக்கு வராது. படம் எடுத்து முடித்ததும் வழியை விட்டு நகர்ந்து நில்லுங்கள்.

அடுத்தது புறா ஆர்க்கிட். வெள்ளையாக, மொட்டு நிலையில் பக்கவாட்டில் பார்த்தால் குட்டிப் புறா மாதிரியே இருக்கும். இது தரையில் தேடக் கூடாது, பெரிய தூங்குமூஞ்சி மரங்களின் கிளை மேல் புல் கற்றை மாதிரித் தொற்றிக்கொண்டிருக்கும். இதற்கு வறட்சி கணக்கில்லை, குளிர்தான் கணக்கு. கொதிக்கும் மத்தியானத்தில் திடீரென்று புயல்மழை வந்து வெப்பம் ஐந்தரை டிகிரி அளவுக்குச் சடாரென இறங்கினால், அந்த அதிர்ச்சியில் தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். அதிலிருந்து ஒன்பதாம் நாள் பூக்கும், அதே மழையில் நனைந்த செடிகள் எல்லாம் சேர்ந்து. ஒரே நாள்தான் இருக்கும், சாயங்காலத்துக்குள் வதங்கிவிடும்.

ஆக செய்ய வேண்டியது: குடையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு மழை, கூடவே "அப்பாடா, குளிருது" என்று வாய்விட்டுச் சொல்ல வைத்த மழை எப்போது வந்ததோ அந்தத் தேதியோடு ஒன்பதைக் கூட்டுங்கள். அன்று காலை அலுவலகம் போகும்போது தூங்குமூஞ்சி மரத்தை அண்ணாந்து பாருங்கள். இது நடக்கும்போது பக்கத்தில் போகிற யாருக்கும் தெரியாது, எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு மட்டும் தேதி முன்கூட்டியே தெரிந்திருக்கும், அதில் ஒரு கெத்து இருக்கிறது.

படி 4: சாயங்காலம் மூக்கை வேலைக்கு விடுங்கள்

தெம்புசு மரம் மே, ஜூன் வாக்கிலும் அக்டோபர், நவம்பர் வாக்கிலும் பூக்கும். வெளிர் மஞ்சள் பூ, பகலில் ஒன்றும் தெரியாது. பொழுது சாயத் திறந்து வாசனை விட ஆரம்பிக்கும், அந்துப்பூச்சிகளைக் கூப்பிடத்தான். பூவைப் பார்க்கும் முன்னால் வாசனை வந்துவிடும். பேர் போன தெம்புசு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் பூமலை என்று இங்கே சொல்லும் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள், 5 வெள்ளி (டாலர்) நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது அங்கே நிற்கும் மரம்தான். 1859இல் பூங்கா தொடங்குவதற்கு முன்பிருந்தே நிற்கிறது. கீழே தாழ்ந்து போகும் கிளையில் ஒரு காலத்தில் எல்லாரும் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பார்கள், இப்போது வேலி போட்டாயிற்று.

குயிலைப் பற்றி ஒரு வார்த்தை. வசந்தத்தின் தூதன் என்று நாம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் அதே குயில் இங்கே விடியற்காலை ஐந்து மணிக்கு ஜன்னலுக்கு வெளியே கத்தும், அக்கம்பக்கத்தார் தூக்கம் போச்சென்று புகார் எழுதுவார்கள். நீங்கள் ரசித்தால் வெளியே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

படி 5: வீட்டுக்குள் வரும் பூச்சிகளைச் சமாளிப்பது

பூக்கள் வெளியே நிற்கும், பூச்சிகள் உள்ளே வரும். இதில் முதல் இடம் ஈசலுக்கு. புழுக்கமான நாளில் மழை விட்ட சாயங்காலம், விளக்குப் போட்ட அரை மணியில் ஹால் முழுக்க இறக்கை. பதறி ஸ்பிரே அடிக்காதீர்கள். ஜன்னலைச் சாத்துங்கள், விளக்கை அணையுங்கள், காரிடார் விளக்குக்கே போய்விடும். உள்ளே வந்துவிட்டவற்றுக்கு ஒரு விளக்கை மட்டும் விட்டு அதன் கீழே அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள், ஊரில் பாட்டிகள் செய்ததுதான், வறுத்துச் சாப்பிடும் பாகத்தை மட்டும் விட்டுவிடலாம்.

கவலைப்பட வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. ஜன்னல் மூடியிருந்த அறையில், கதவு நிலையின் ஓரத்திலோ அலமாரிக்குள்ளோ உதிர்ந்த இறக்கைகள் குவிந்து கிடந்தால், அவை வெளியிலிருந்து வந்தவை இல்லை, உங்கள் வீட்டு மரச்சாமான்களிலிருந்து கிளம்பியவையாக இருக்கலாம். தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் கேட்டால் வீட்டுக்காரருக்கு உடனே படத்தோடு தகவல் அனுப்புங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைத் தாமதிக்கவே கூடாது, வீட்டைக் காலி செய்யும்போது வைப்புத்தொகையில் கைவைக்க அது ஒரு காரணமாகிவிடும். ஈசலா இறக்கை முளைத்த எறும்பா என்று சந்தேகம் வந்தால் இடுப்பைப் பாருங்கள்: எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், ஈசலுக்கு இடுப்பே இருக்காது, நாலு இறக்கையும் ஒரே நீளம்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை சில வருஷம் கீழ்த்தளச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு நிற அந்துப்பூச்சி ஒன்று இறக்கையை விரித்து அசையாமல் உட்கார்ந்திருக்கும், குறுக்கே வெள்ளைப் பட்டை, பின்னால் வால். லிஸ்ஸா சம்பா என்று பெயர். 2014இல் தீவு முழுக்கக் கூட்டமாக வந்து செய்தியானது. கடிக்காது, கொட்டாது. பெரிய அந்துப்பூச்சி வீட்டுக்கு வந்தால் செத்துப்போன சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று நினைக்கும் சீனக் குடும்பங்கள் உண்டு. எனவே பக்கத்து வீட்டு ஆன்ட்டி முன்னால் துடைப்பத்தைத் தூக்கிவிடாதீர்கள். அதுவாகவே போய்விடும்.

காரிடாரில் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கிறீர்களா? அப்போது உங்களுக்குப் பருவம் வாசலிலேயே. இலையின் மேல் காக்கா எச்சம் மாதிரி ஒன்று இருந்தால் கழுவப் போகாதீர்கள், கிட்டே பாருங்கள், அது புழு. கறுப்பும் வெள்ளையுமாக எச்சம் போலவே வேஷம் போட்டிருக்கும். சில நாளில் தோலுரித்துப் பச்சையாகி, கொழுத்து, தலைப்பக்கம் கண் மாதிரிக் கோலத்தோடு நிற்கும். விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவட்டை போன்ற ஒரு கொம்பை நீட்டும், அழுகின ஆரஞ்சுத் தோல் வாடை அடிக்கும். பயமுறுத்தத்தான், வேறு ஆயுதம் இல்லை அதனிடம். இது காமன் மோர்மன் வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. கூட்டுப்புழுவானதிலிருந்து பத்து நாள் வாக்கில் கறுப்புப் பட்டாம்பூச்சி வெளியே வரும். அதன் பெண்களில் ஒரு வகை, 2015இல் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வான காமன் ரோஸ் போலவே சிவப்புப் புள்ளியோடு இருக்கும். காமன் ரோஸ் விஷம், பறவை தொடாது, அந்தப் பாதுகாப்பை இது வேஷம் போட்டு வாங்கிக்கொள்கிறது. ஒரு தொட்டிக்கு இரண்டு புழு என்றால் சாம்பாருக்கும் மிஞ்சும். ஐந்தாறு இருந்தால் தேக்காவில் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தொட்டி என்றதும் இன்னொன்று. மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை டெங்கி கூடும் காலம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து அதில் தண்ணீர் நின்றால் வீடு பார்க்க வரும் அதிகாரிகள் புழு கண்டுபிடித்து அபராதம் போடுவார்கள். தட்டை எடுத்துவிடுங்கள்.

தேனீ. அங்சானாவும் பெருங்கொன்றையும் பூக்கும் நாட்களில் தேனீக் கூட்டம் இடம் மாறும், திடீரென்று ஒரு கிளையிலோ உங்கள் ஏசி கம்ப்ரசர் பக்கத்திலோ கொத்தாகத் தொங்கும். வழியில் இளைப்பாறுகிற கூட்டமாக இருந்தால் ஓரிரு நாளில் தானாகக் கிளம்பிவிடும். அதுவரை அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், புகை போடாதீர்கள், தண்ணீர் அடிக்காதீர்கள். அடை கட்ட ஆரம்பித்துவிட்டால் ஒன்சர்விஸ் என்ற அரசாங்கச் செயலியில் படத்தோடு புகார் போடுங்கள், தேசியப் பூங்காக் கழகத்துக்கோ நகர மன்றத்துக்கோ அவர்களே அனுப்பிவைப்பார்கள்.

படி 6: கை வைக்கும் முன்

கம்பளிப்பூச்சியைத் தொடாதீர்கள், அது உட்கார்ந்திருந்த கைப்பிடிக் கம்பியையும் பார்த்துப் பிடியுங்கள், முடி பட்டாலே அரித்துத் தடிக்கும். பட்டால் தேய்க்காமல் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து முடியை நீக்கிவிட்டுக் கழுவுங்கள். மாமரத்தில் சாய்ந்து நின்று படம் எடுக்காதீர்கள், இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடு தெரிந்தால் அது முசுறு, சட்டைக்குள் புகுந்தால் நடுரோடு என்று பார்க்க முடியாது.

பூங்காவிலும் சாலையோரத்திலும் பூ பறிப்பது, கிளை ஒடிப்பது, புறா ஆர்க்கிட்டைப் பிய்த்து வீட்டுக்குக் கொண்டுபோவது எல்லாம் சட்டப்படி குற்றம். சாமிக்கு என்றாலும் அதேதான். மரத்தடியில் விழுந்து கிடக்கும் மாங்காய் கூட அரசாங்க நிலத்தில் இருந்தால் கேட்காமல் எடுக்கக் கூடாது. அங்சானாப் பூ தரையில் ஒரு வண்டி கிடக்கிறதே என்று குழந்தை ஒரு பிடி அள்ளிக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, ஆனால் நீங்கள் பை கொண்டுபோய் நிரப்பாதீர்கள்.

மின்மினி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் புலாவ் உபின் தீவுப் பக்கம் இயற்கை ஆர்வலர்கள் யாராவது கூட்டிப்போகிறார்களா என்று விசாரியுங்கள். நீ சூன் சதுப்புக் காட்டில் கிடைத்த மின்மினி ஒன்றை உலகத்துக்கே புதிய இனம் என்று 2021இல் அறிவித்து லூசியோலா சிங்கப்பூரா என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காட்டுக்குள் பொதுமக்கள் போக அனுமதி இல்லை, யாராவது வழி தெரியும் என்று கூப்பிட்டாலும் போகாதீர்கள்.